என் இடது காலும் அம்மாவின் முருங்கை இலையும்

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. நோர்வேயில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் ஹவுகெட்டோ நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போதுகூட மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். "உனக்குக் காலிலை கார்ச்சில்லுப் பூட்டியிருக்கோ?" என்று அம்மா கேட்பார். அப்படிப்பட்ட என்னைத்தான் ஒரு நோய் பிடித்து, காலை உயர்த்தி வைத்துக்கொண்டு அசையாமல் கிட என்று கட்டிலில் போட்டது. இதை எழுதும்போதும் இடையிடையே எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் வந்து உட்காருகிறேன். இப்போது அதற்கு மருத்துவக் காரணமும் இருக்கிறது. யாரும் ஏச முடியாது.

எனக்குப் பிறகு தாதியர் படிப்புக்கு வந்த நம் பிள்ளைகள் சிலர், "அக்கா, ஆழ்நாளத்திலை இரத்தம் கட்டுறதைப் பற்றிப் புத்தகத்திலை நாலு பக்கம் இருக்கு. ஆனா வந்தா எப்பிடி இருக்கும் எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்" என்று கேட்டார்கள். அந்த நாலு பக்கத்தையும் நானும் பாடமாக்கினவள்தான். பரீட்சையில் நல்ல புள்ளியும் வாங்கினேன். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் சாகப் பார்த்தேன்.

அந்த மாரிகாலம் நான் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். எங்கள் கட்டடத்திலிருந்து நிலையத்துக்கு இறங்கும் சரிவில், பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. வழக்கம்போல ஓடினேன். விழுந்தேன். இடது கணுக்கால் எலும்பு உடைந்து, முழங்கால் வரை யிப்ஸ் என்கிற வெள்ளைக் கட்டுப் போட்டுவிட்டார்கள். மறுநாளிலிருந்து அப்பா வேலைக்குப் போகமுன் ஒரு வாளி சரளைக்கல்லைத் தூக்கிக்கொண்டு போய், சரிவு முழுக்கத் தூவிவிட்டுத்தான் போனார். நான் வெளியே இறங்கவே முடியாது என்பது அவருக்குத் தெரியும். தூவாமல் இருக்க அவரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

கட்டை வெட்டியெடுத்த பிறகு கெண்டைக்கால் வீங்கியிருந்தது. கட்டுக்குள் கிடந்த கால் அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டேன். கீழ்மாடியில் இருக்கும் மல்லிகா மாமி வந்து பார்த்தார். நாங்கள் நோர்வேக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பாதி ஆள் அவர்.

"நல்லெண்ணெயைச் சுடவைச்சு உருவிவிட்டா எல்லாம் வத்திப்போம். பிள்ளையைக் காலை நீட்டச் சொல்லுங்கோ."

அம்மா எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து கெண்டையில் கையை வைத்தார். நான் போட்ட சத்தத்தில் கிண்ணம் கவிழ்ந்தது. தசைக்குள் யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரியான வலி. பிள்ளைகளே, இதை நன்றாக மனதில் வையுங்கள்: ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கனத்து வலித்தால் அதை ஒருபோதும் உருவக்கூடாது. உள்ளே கட்டி இருந்தால் அது பிய்ந்து போகும். எனக்கு அந்த நேரம் இந்த அறிவு வந்து கையைத் தட்டிவிடவில்லை. வலிதான் தட்டிவிட்டது.

எண்ணெயைத் துடைத்த பிறகுதான் அம்மாவின் தையல் நாடாவை எடுத்து, முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் இரண்டு கெண்டையையும் அளந்தேன். இடது பக்கம் நான்கு விரல் அகலம் கூட. நிறமும் லேசாகக் கறுத்துச் சிவந்திருந்தது. "அம்மா, அப்பாவைக் காரை எடுக்கச் சொல்லுங்கோ" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவசரப் பிரிவில் காத்திருக்கும்போது அங்குமிங்கும் நடக்கத் துடித்தேன். நடக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கால் கிடக்க, கைவிரல்கள் கதிரையின் பிடியில் தாளம் போட்டபடி இருந்தன. அந்த நேரத்தில் எனக்குள் ஓடினது அந்த நாலு பக்கமும்தான். காலிலுள்ள இரத்தம் மேல்நோக்கி ஏறி இதயத்துக்குப் போகவேண்டும். அதை ஏற்றிவிடுவது கெண்டைத் தசை. நாம் நடக்க நடக்க அது ஆழத்தில் இருக்கும் நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. கட்டுக்குள் கால் சும்மா கிடந்தால் பிழிய ஆளில்லை, இரத்தம் தேங்கும். அடிபட்டதில் நாளத்தின் உட்சுவரும் காயப்பட்டிருக்கும். போதாதற்கு இரத்தமே கட்டியாகும் குணத்தைக் கூட்டிவைத்திருந்தால் மூன்றும் சேர்ந்துவிடும்.

மூன்றாவது காரணத்தைத்தான் இளம் வைத்தியர் கேட்டார், நோர்வேஜிய மொழியில், அம்மாவுக்கு முன்னால். "கருத்தடைக் குளிசை எடுக்கிறாயா?" எடுத்தேன். மாதாமாதம் வரும் வயிற்றுக்குத்துக்காகக் குடும்ப வைத்தியர் எழுதித் தந்தது. அதைச் சொன்னேன். "இன்றோடு நிறுத்து" என்று எழுதிக்கொண்டார்.

"என்ன பிள்ளை கேக்கினம்?" என்றார் அம்மா.

"காலமை சாப்பிட்டனியோ எண்டு கேக்கினம்."

"அதைக் கேக்கவோ இவ்வளவு நேரம்?"

ஏழு வயதிலிருந்து நான்தான் எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பாளர். பல் வைத்தியரிடம், பள்ளிக்கூடத்தில், அம்மாவின் பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்கு முன்னால், எல்லா இடத்திலும் நடுவில் நின்று கதைத்தது நான். வருவது எல்லாவற்றையும் அப்படியே கொடுத்தால் வீடு தாங்காது என்று சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அதனால் வடிகட்டித்தான் கொடுப்பேன்.

இருட்டறையில் ஒருவர் தொடையில் குளிர்ந்த பசையைப் பூசி, கருவியால் அமுக்கிப் பார்த்தார். வலி இல்லாத சோதனை. நல்ல நாளம் அமுக்கினால் தட்டையாகி மறைந்துவிடும். உள்ளே கட்டி இருந்தால் மறையாது. திரையில் என் நாளம், முழங்காலுக்கு மேலே, எவ்வளவு அமுக்கியும் கறுப்பு வட்டமாகவே நின்றது. அவர் வாயைத் திறக்கமுன் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால் ஒரு உதவியும் இல்லை. கட்டியில் ஒரு துண்டு உடைந்தால் இதயத்தின் வலது பக்கத்தால் ஏறி நேரே நுரையீரலில் போய் அடைக்கும் என்பதும் சேர்த்தே தெரியும் அல்லவா. எனக்கு வெறும் பயம்.

வயிற்றுத் தோலில் ஊசி, வாயால் வார்பரின் குளிசை. இரண்டுமே கட்டியைக் கரைப்பதில்லை. வளரவிடாமல் பிடித்து வைத்திருக்கும், மெல்ல மெல்லக் கரைப்பது நம் உடம்பு. ஊசி உடனே வேலை செய்யும். குளிசைக்கு நாள் எடுக்கும். அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஐ.என்.ஆர் என்று ஒரு எண் எடுப்பார்கள். மருந்து எடுக்காத ஆளுக்கு அது ஒன்று. எனக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கவேண்டும். குறைந்தால் கட்டி வளரும், கூடினால் எங்காவது இரத்தம் கசியும். ஆஸ்பத்திரிப் பாணும் பழுப்புச் சீஸும் தின்று தின்று, எண் இரண்டைத் தாண்டியது. ஊசியை நிறுத்தினார்கள். இறுக்கமான நீளக் காலுறையை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் எனக்காக ஊரே காத்திருந்தது. ஹவுகெட்டோவிலும் ஹொல்ம்லியாவிலும் உள்ள நம் ஆட்கள் எல்லோருக்கும் செய்தி போயிருந்தது: பிள்ளைக்கு இரத்தம் கெட்டுக் கட்டிபட்டுப் போச்சு. இரத்தம் கெட்டால் நம் ஆட்களுக்கு மருந்து தெரியாதா? வியாழக்கிழமைகளில் விமானத்தில் வந்து குரொன்லாண்ட் தமிழ்க்கடையில் இறங்கும் முருங்கை இலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் அந்தக் கிழமை எங்கள் வீட்டுக்குத்தான் வந்தன. மல்லிகா மாமி விடியவே ஒரு சுடுதண்ணிப் போத்தல் நிறைய இலைக்கஞ்சி கொண்டுவருவார். அம்மா தேங்காய்ப்பூப் போட்டு முருங்கை இலை வறை வறுப்பார். திராமன் நகரிலிருந்து அப்பாவின் நண்பர் குடும்பம் ஐஸ்கிறீம் டப்பா நிறையக் கீரைக் கடையல் அனுப்பியது.

"இரத்தத்தைச் சுத்தப்படுத்தும் பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு குடி."

குடித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்துமிருந்தது. ஆஸ்பத்திரிப் பாணுக்குப் பிறகு, உப்பும் மிளகும் இலை மணமும் தொண்டையில் இறங்க, எல்லோரும் என்னைச் சுற்றி நிற்கிறார்கள் என்ற சந்தோசம்.

குடும்ப வைத்தியரிடம் போனபோது எண் விழுந்திருந்தது. "குளிசை எடுக்க மறந்தாயா?" என்று கேட்டு, அளவைக் கூட்டி, அடுத்த கிழமை வரச் சொன்னார். அந்த அடுத்த கிழமைவரை உடம்பு பொறுக்கவில்லை. படியில் ஏறும்போது வலது விலாவுக்குக் கீழே மூச்சை இழுத்தால் குத்தியது. ஒரு படி ஏறி நின்றேன். இன்னொரு படி. அப்பாதான் கையில் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார். சரிவில் அவர் போட்ட சரளைக்கல் காலடியில் நொறுங்குகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நாளத்தில் மருந்தேற்றி நுரையீரலைப் படம் எடுத்தார்கள். உடம்பெங்கும் ஒரு சூடு பரவி, ஆடையை நனைத்துவிட்டேனோ என்று வெட்கப்பட வைக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாவம். நுரையீரலில் ஒரு சின்னத் துண்டு போய் இருந்தது. சின்னது என்று வைத்தியர் இரண்டு தரம் சொன்னார். மறுபடி ஊசி. மறுபடி கட்டில். கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்த சொந்தக்காரர் எல்லோரும் பில் எவ்வளவு வரும் என்றுதான் கேட்டார்கள். கட்டிலுக்குப் பில் இல்லை. இங்கே உயிரை எடுப்பது கார் நிறுத்தும் காசு. அதைக் கட்ட மனமில்லாமல் அப்பா அம்மாவை இறக்கிவிட்டு காரிலேயே ஆஸ்பத்திரியைச் சுற்றிச்சுற்றி ஓடிக்கொண்டிருப்பார்.

இந்த முறை எண் ஏற மறுத்தது. அளவைக் கூட்டினார்கள். ஏறவில்லை. இன்னும் கூட்டினார்கள். அசையவேயில்லை. பிறவியிலேயே இரத்தத்தில் ஏதாவது கோளாறோ என்று குழாய் குழாயாக எடுத்தார்கள். பிறகு ஒரு நாள் காலை, இங்குன் என்ற தாதி குளிசையைத் தந்துவிட்டுப் போகாமல், நான் விழுங்கும்வரை நின்று பார்த்தார். நல்ல மனுசி. அவருக்கும் சங்கடம்தான். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நாளைக்கு இதே உடுப்பைப் போட்டு இதே வேலைக்கு வரப்போகிறவள் நான். குளிசையைக் கட்டிலுக்குக் கீழே ஒளிக்கிறவள் என்று நினைத்துவிட்டார்களே.

"சாப்பாட்டையும் கேட்கவேண்டும்," என்றார் இங்குன். "பச்சைக் காய்கறி நிறையச் சாப்பிடுகிறாயா? புரோக்கோலி? முட்டைக்கோவா? பாலக்?"

"இல்லை. புரோக்கோலியைக் கண்ணிலும் காட்டக்கூடாது."

பொய் இல்லை. அந்தப் பட்டியலும் எனக்குப் பாடம். பச்சை இலைகளில் விற்றமின் கே இருக்கிறது. ஈரல் அதை வைத்துத்தான் இரத்தத்தை உறையவைக்கும் பொருள்களைச் செய்கிறது. வார்பரின் அந்த வேலையைத் தடுக்கிறது. இலையைக் கூட்டினால் மருந்து தோற்கும். இதையெல்லாம் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கினவள் நான். பக்கத்தில் அம்மா இருந்தார். வழக்கம்போல, "என்னவாம்?" என்றார். "சும்மா, என்ன சாப்பாடு பிடிக்கும் எண்டு கேக்கினம்" என்றேன். அம்மா தலையாட்டிவிட்டு, கொண்டுவந்த கிண்ணத்தைத் திறந்து வறையைச் சோற்றில் பிசையத் தொடங்கினார். புத்தகத்தில் இருந்தது நோர்வே. கிண்ணத்தில் இருந்தது வீடு. என் தலைக்குள் இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு பூட்டியிருந்தது. அப்படி ஒரு கதவு இருப்பதே எனக்குத் தெரியாது.

இங்குனுக்கு அந்த மணம் பிடித்துவிட்டது. போகப்போனவர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். "நன்றாக மணக்கிறது. என்ன அது?"

அதன் பெயர் நோர்வேஜிய மொழியில் எனக்குத் தெரியவில்லை. எனவே விளக்கத் தொடங்கினேன். "அது ஒரு மரம். எங்கள் ஊரில் வளரும். அதன் இலைகளைப் பொடியாக அரிந்து தேங்காயோடு வறுப்பார்கள். சின்னச் சின்னப் பச்சை இலைகள்..."

பச்சை இலைகள். அந்த இரண்டு சொல்லையும் அவர்கள் மொழியில் என் வாயாலேயே சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது. இங்குன் என்னைப் பார்த்தார். நான் கிண்ணத்தைப் பார்த்தேன். அம்மா பிசைந்த சோற்றை உருட்டி என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு காலமாக?" என்று கேட்டார் இங்குன்.

"ஒவ்வொரு நாளும்," என்றேன். "கஞ்சியும்."

வைத்தியர் வந்தார். ஏசவில்லை; பெரிய நிம்மதியோடு சிரித்தார். பிறகு முகம் மாறி, குளிசையின் அளவைக் குறைக்க எழுதினார். இவ்வளவு கூட்டிய மருந்தோடு கீரையைத் திடீரென்று நிறுத்தினால் எண் எகிறிவிடும், அப்போது இரத்தம் கசியும், அது இதைவிட மோசம். மெல்ல மெல்லச் சரிப்படுத்துவோம் என்றார். "அம்மாவுக்கும் விளங்கப்படுத்து."

"என்ன பிள்ளை சொல்லினம்? ஏன் எல்லாரும் சாப்பாட்டைப் பாக்கினம்?"

வடிகட்டி தானாகவே வந்து நின்றது. "வெளிச்சாப்பாடு கொண்டுவரக் கூடாதாம் அம்மா. வாட்டிலை மணக்குதாம்."

அம்மாவின் முகம் சுருங்கியது. கிண்ணத்தை மூடினார். "சரி. வீட்டை வந்தாப்பிறகு தாறன். இலை எல்லாம் ஆய்ஞ்சு குளிர்ப்பெட்டிக்கை வைச்சிருக்கிறன், ரெண்டு மாசத்துக்குக் காணும்."

இரண்டு மாதம். உண்மையைச் சொன்னால் அம்மா உடைந்துபோவார். சொல்லாவிட்டால் அதே அம்மாவின் கையாலேயே நான் சாவேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கால் எங்கே போவது என்று தெரியாமல் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். விற்றமின், ஈரல், குளிசை, கஞ்சி, எண். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வடிகட்டிவிடுவேன் என்று பயம்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார். "அப்ப, நெஞ்சுக்கை போனது நான் தந்ததாலையோ?"

"எனக்கும் தெரியேல்லையே அம்மா. படிச்ச எனக்கே தெரியேல்லை."

எழுந்து வெளியே போய்விட்டார். பின்னால் ஓட என்னால் முடியவில்லை. என் வாழ்க்கையில் அந்த இடது காலை அவ்வளவு வெறுத்த நேரம் வேறில்லை. இனி அம்மா என்னைப் பார்க்கப் பயப்படுவார், சமைக்கப் பயப்படுவார் என்று நினைத்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தார், முன்தலை மயிர் நனைந்திருந்தது.

"ஒண்டும் குடுக்கக்கூடாது எண்டு சொல்லினமோ, இவ்வளவுதான் குடு எண்டு சொல்லினமோ? வடிவாக் கேள்."

கேட்டேன். இங்குனுக்கும் அந்தக் கேள்வி பிடித்திருந்தது. ஒன்றும் சாப்பிடக்கூடாது என்றில்லை. எவ்வளவு என்பது கிழமைக்குக் கிழமை மாறக்கூடாது, அதற்கேற்ப நாங்கள் மருந்தைப் பொருத்துவோம் என்றார். எவ்வளவு என்று காட்ட, மேசையில் இருந்த கோப்பி குடிக்கிற பிளாஸ்டிக் கோப்பையை எடுத்துப் பிடித்தார். அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கி, கழுவி, துடைத்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அன்றே ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்தார். மல்லிகா மாமி அழுதார். "நான் நஞ்சையே காய்ச்சிக் குடுத்தனான்?" என்றவரை அம்மாதான் தேற்றினார்: "உங்கடை கஞ்சியிலை சத்துக் கூடிப்போச்சு மல்லிகா அக்கா, டொக்டர்மாருக்கே தாங்கேல்லை."

எண் ஏறி, இரண்டுக்கு மேல் போய், நின்றது. நான் மறுபடி வகுப்புக்குப் போனேன், காலுறையோடு, ஒரு பாடவேளைக்குள் பல தரம் எழுந்து நடந்துகொண்டு. வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையல். அன்றைக்கு மட்டும் அந்தப் பிளாஸ்டிக் கோப்பை இறங்கும். அம்மா வறையை அதில் நிரப்பி, கத்தியின் முதுகால் மேலே சமமாக வழித்துவிடுவார். ஒரு இலை வெளியே நீட்டினாலும் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வார்.

வசந்தத்தில் ஒரு நாள் எண் பார்க்க இரத்தம் கொடுக்கப் போனபோது அம்மாவும் வந்தார். அம்மா இங்கே வந்த காலத்திலிருந்து அலுவலகங்கள் துப்புரவாக்குகிறவர். வாளி, தரை, நாளை வா, இவ்வளவுதான் அவர் வாயில் வரும் நோர்வேஜியம். அதற்கும் கூச்சம், மற்றதெல்லாம் நான். புதிய தாதி ஒருவர் என் விரலில் குத்திக்கொண்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டார். குளிசை ஒழுங்காக எடுத்தாயா, எங்கும் இரத்தம் கசிந்ததா, பச்சைக் காய்கறி...

நான் வாயைத் திறந்தேன்.

"என் கொப்," என்றார் அம்மா எனக்கு முன்னால், சத்தமாக, அவர்கள் மொழியில். ஒரு கோப்பை. பிறகு கொஞ்சம் தேடி, "ஃப்ரேடாக்." வெள்ளிக்கிழமை.

கையால் கோப்பையின் உயரத்தைக் காட்டி, அதன் மேல் உள்ளங்கையைத் தட்டையாக இழுத்தும் காட்டினார். தாதி சிரித்து, தலையாட்டி, எழுதிக்கொண்டார். அம்மா என் பக்கம் திரும்பினார். காதுவரை சிவந்திருந்தார்.

"சரியாச் சொன்னனானோ பிள்ளை?"

"ஓம் அம்மா," என்றேன். எனக்கு மொழிபெயர்க்க ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.